முதலாளி இல்லாத ஊரில் புதுக்குடித்தனம்

மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தில் சேர்ந்து இரண்டே நாள் ஆன ஒருவர் நண்பருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்ப நினைக்கிறார். 'இந்த ஆள் எல்லாப் பதிவுக்கும் கீழே வந்து பாடம் எடுக்கிறாரே, உனக்குத் தெரிந்தவரா?' என்று தட்டுகிறார். எந்த ஆள் என்று நண்பருக்குப் புரிய வேண்டுமே? அந்த ஆளின் முகவரியை அட் குறியோடு நடுவில் சேர்க்கிறார். குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று தேர்வுசெய்து அனுப்பியும் விடுகிறார். செய்தி நண்பருக்குப் போய்ச் சேர்கிறது. கூடவே அந்த ஆளுக்கும் போய்ச் சேர்கிறது.

கோளாறு எதுவும் இல்லை. மாஸ்டடானில் தனிச்செய்திக்கென்று தனி அமைப்பு கிடையாது. அதுவும் ஒரு பதிவுதான். யார் யார் முகவரி அட் குறியோடு அதில் இருக்கிறதோ, அவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ட்விட்டரில் வருடக்கணக்காகப் பழகிய கை, இங்கே வந்த முதல் வாரத்திலேயே சுட்டுக்கொள்ளும் இடம் இது.

புதிதாக வருபவர்களுக்கான நாகரிகம் என்று இந்த உலகத்தில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வகைதான். யாரோ நாலு பெரிய மனிதர்கள் கூடி எழுதிய சட்டதிட்டம் அல்ல. அந்த ஊர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மாதச் செலவை யார் ஏற்கிறார்கள், இரவு பதினோரு மணிக்கு வரும் புகாரை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதிலிருந்து முளைத்த பழக்கங்கள் அவை. காரணம் தெரிந்துவிட்டால் பழக்கம் தானாகப் படிந்துவிடும். காரணம் தெரியாமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் வந்தவருக்கும் எரிச்சல், ஏற்கெனவே இருந்தவருக்கும் எரிச்சல்.

இது யாருடைய இடம்?

மாஸ்டடான் 2016 அக்டோபரில் வெளியானது. எழுதியவர் யூஜென் ரோச்கோ. ஜெர்மனியில் அப்போதுதான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்த இளைஞர். ட்விட்டர் போல ஒரே தளத்தைக் கட்டி எல்லோரையும் அதற்குள் அழைப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளும்படி மென்பொருளைத் திறந்து வைத்தார். அவரே தொடங்கிய மாஸ்டடான்.சோஷியல் என்பது இன்று அளவில் பெரியது என்றாலும், ஆயிரக்கணக்கான சர்வர்களில் அதுவும் ஒன்று. ஜிமெயில் வைத்திருப்பவர் யாகூக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாரே, அதுபோல ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம்.

இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. புகைப்படத்துக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்டியூப், விவாதத்துக்கான லெம்மி எல்லாம் இதே மொழி பேசுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஃபெடிவர்ஸ் என்கிறார்கள்.

முதலாளி இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. விளம்பரம் கிடையாது. எனவே சர்வர் வாடகையை அட்மின் தன் கையிலிருந்து போடுகிறார், அல்லது அந்த சர்வரில் இருப்பவர்கள் நன்கொடையாகத் தருகிறார்கள். புகார்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் வந்து, யாரோ யாரையோ திட்டியதைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள்.

அந்தச் சுமை எத்தனை கனமானது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற பழைய, பெரிய சர்வரை அதன் நிர்வாகி 2022-ன் கடைசியில் மூடினார். தனியொருவராகச் சுமக்க இயலவில்லை என்பதுதான் சாரம். மாஸ்டடான்.லோல் சர்வரின் நிர்வாகி, ஒரு வீடியோ கேம் பற்றிய சண்டையில் தன்மீதே வந்து விழுந்த வசைகளால் மனமுடைந்து, 2023 தொடக்கத்தில் மூடுவிழாவை அறிவித்தார். இப்படி நேரக்கூடும் என்று முன்பே யோசித்துத்தான் மாஸ்டடான் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம் ஒரு உடன்படிக்கை கேட்கிறது: தினமும் காப்புப் பிரதி எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்க வேண்டும், மூடுவதானால் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

புதிதாக வருபவர் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். இங்கே 'கஸ்டமர் கேர்' என்று ஒன்று இல்லை. கோபத்தோடு எழுதும் புகார்க் கடிதம் ஒரு கம்பெனிக்குப் போவதில்லை. ஒரு மனிதரின் இரவு உணவு நேரத்துக்குள் போய் விழுகிறது.

கூட்டம் வந்து இறங்கியபோது

இந்தியாவிலிருந்து இங்கே முதல் பெரிய அலை வந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதுதான் தொடக்கம். 1936-ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில், சுற்றியிருந்த அத்தனை பேரும் நாஜி வணக்கம் வைக்க, ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தை அவர் தன் கணக்கின் படமாக வைத்திருந்தார். அந்தப் படம்தான் குற்றமாகிப் போனது. அதே நாட்களில், நீல டிக் கொடுப்பதில் ட்விட்டர் சாதிப் பாகுபாடு காட்டுகிறது என்று தலித், பழங்குடிச் செயற்பாட்டாளர்கள் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கோபமும் சேர்ந்து பல ஆயிரம் பேரை மாஸ்டடான் வாசலுக்குக் கொண்டுவந்தது.

மூன்று வருடம் கழித்து வந்தது வெள்ளம். 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தார். அந்த அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில் மாஸ்டடானை மாதந்தோறும் பயன்படுத்துபவர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்ததாக ரோச்கோ எழுதினார். சர்வர்கள் மூச்சுத் திணறின.

வீட்டுக்காரர்களுக்கு அது எப்படி இருந்தது? ஆஸ்திரேலியாவின் நூலகர்கள், அருங்காட்சியகப் பணியாளர்களுக்கென்று ஒரு சிறிய சர்வரை நடத்திவந்த ஹியூ ரண்டில் அந்த நவம்பரில் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சத்தமில்லாத ரயில் பெட்டியில் ஓரிரு நண்பர்களோடு மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்த ஸ்டேஷனில் கால்பந்து ரசிகர் கூட்டம் மொத்தமும் ஏறிவிட்டது போல என்று அவர் வர்ணித்தார். ஏறியவர்கள்மேல் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு அந்தப் பெட்டியின் வழக்கம் தெரியாது என்பதையும் அவர் மறக்காமல் சொன்னார். அதுவரை ஐந்து பேர், பத்து பேர் என்று பதில் வாங்கிக்கொண்டிருந்தவர்களின் பதிவுகள் திடீரென்று ஆயிரக்கணக்கானோர் கண்ணில் பட்டன. யாரும் சம்மதம் கேட்கவில்லை என்ற உணர்வுதான் அவர்களை வாட்டியது.

இணையத்துக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களுக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து கலாட்டா செய்வார்கள். ஓரிரு மாதத்தில் வழக்கம் பிடிபட்டு அடங்கிவிடுவார்கள். ஏஓஎல் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட பிறகு, புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. அதனால் 1993-ன் செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழையவர்கள் சொல்வார்கள். 1995-ல் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்ப்ரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிகக் குறிப்பேடு, எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் படியுங்கள் என்று புதியவர்களுக்குச் சொன்னது.

ஒன்றிரண்டு மாதம் இன்றைக்கு யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஒரு வாரம் போதும்.

அந்த ஒரு வாரம்

சேரும்போதே முதல் பாடம் வந்துவிடுகிறது. சர்வரின் விதிகள் திரையில் வரிசையாக வரும். ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த பக்கம். பழக்க தோஷத்தில் படிக்காமல் அழுத்திவிடுகிறோம். இங்கே அந்த ஐந்தாறு வரிகளைப் படிப்பது நல்லது. ஏனென்றால் வக்கீல்கள் எழுதிய அறுபது பக்கம் அல்ல அது. நிர்வாகி தன் கைப்பட எழுதியது. சில சர்வர்களில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஹாய்' என்று மட்டும் போட்டால் ஸ்பாம் கணக்கு என்று நினைத்து ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் படிக்கிறார். என்ன வேலை செய்கிறோம், எதில் ஆர்வம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

உள்ளே வந்ததும் படமும் சுயவிவரமும் போட்டுவிட வேண்டும். வெறுமையாக நிற்கும் கணக்கு ஃபாலோ கோரிக்கை அனுப்பினால் பலர் ஏற்பதில்லை. அடுத்தது அறிமுகப் பதிவு. அதற்கென்றே ஒரு ஹேஷ்டேக் இருக்கிறது. பழையவர்கள் அதைத் தேடிப் படித்து, புதியவர்களை நான்கு பேருக்குக் காட்டிவிடுவார்கள். மொய் எழுதுவது போல ஒரு வழக்கம் அது, வாங்கியவர் பிறகு இன்னொருவருக்குச் செய்வார்.

காட்டிவிடுவது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கிலும், எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரிலும் ஒரு லைக் போட்டால், இயந்திரம் அதைக் கணக்கில் எடுத்து அந்தப் பதிவை நாலு பேர் முன்னால் தள்ளும். மாஸ்டடானின் முகப்பில் அப்படித் தள்ளும் இயந்திரம் இல்லை. அங்கே பதிவுகள் வந்த நேர வரிசையிலேயே நிற்கும். நட்சத்திரம் போடுவது எழுதியவருக்கு 'படித்தேன், பிடித்தது' என்று சொல்வது, அவ்வளவுதான். எழுதியவரைப் பின்தொடராதவர் முகப்புக்குப் பதிவு போக வேண்டுமானால் யாராவது பூஸ்ட் செய்தாக, அதாவது மறுபகிர்வு செய்தாக வேண்டும். அதனால்தான் இங்கே பூஸ்ட்டில் கஞ்சத்தனம் கூடாது என்பார்கள். அல்காரிதம் செய்யும் வேலையை மனிதர்கள் பங்குபோட்டுச் செய்கிறார்கள்.

ஹேஷ்டேக்குக்கும் அதே காரணம். நீண்ட காலம் இங்கே பதிவுகளுக்குள் சொல் தேடும் வசதி வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. வசைபாட ஆள் தேடுகிறவர்களுக்குத் தேடுபெட்டி ஒரு ஆயுதம் என்ற அச்சம்தான் காரணம். 2023 செப்டம்பரில் வந்த பதிப்பில்தான், சம்மதம் சொன்னவர்களின் பதிவுகளை மட்டும் தேடும் வசதி வந்தது. ஆகவே கண்டுபிடிக்கப்பட விரும்புகிறவர் ஹேஷ்டேக் போட வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் சேர்த்து எழுதினால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போடச் சொல்கிறார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் அப்போதுதான் சொற்களைப் பிரித்துப் படிக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நாம் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்: சென்னை_மழை என்பது போல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பதிவு எழுதும் பெட்டியிலேயே எந்த மொழி என்று தேர்வுசெய்ய ஒரு சின்னப் பொத்தான் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலம் என்ற அடையாளத்தோடே தமிழ்ப் பதிவு போய்விடுகிறது. மொழி வாரியாக வடிகட்டிப் படிப்பவர்களுக்கு அது இடைஞ்சல். தமிழ் மட்டும் வேண்டும் என்று தேடுகிறவருக்கோ அந்தப் பதிவு கிடைக்காமலே போய்விடும். திரைவாசிப்பான் அதை ஆங்கில உச்சரிப்பில் படிக்க முயன்று தடுமாறும். ஒரு விநாடி வேலை, செய்துவிடலாம்.

படங்களுக்கு விளக்கம் எழுதுவதுதான் இந்த ஊரின் மிக அழகான வழக்கம் என்று தயங்காமல் சொல்லலாம். படத்தை ஏற்றியதும் 1,500 எழுத்து வரை விளக்கம் எழுத இடம் கிடைக்கும். 'பீச் போட்டோ' என்று எழுதினால் பார்வையற்ற வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. 'மழை விட்ட மெரினா. ஈர மணலில் மடக்கிவைத்த சிவப்புக் குடை. பின்னால் சுண்டல் வண்டி, அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை' என்று எழுதினால் அவரும் அந்த மணலில் நிற்கிறார். விளக்கமில்லாத படத்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூஸ்ட் செய்வதில்லை என்று கொள்கையாகவே வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். வேறு எந்தப் பெரிய சமூக வலைதளத்திலும் சாதாரணப் பயனர்கள் இதை இத்தனை பிடிவாதமாகக் கடைப்பிடிப்பதைப் பார்க்க முடியாது.

நீளமாகத் தொடர்பதிவு போடுபவர்கள் முதல் பதிவை மட்டும் பொதுவில் வைத்துவிட்டு, மீதியைச் சர்வரின் பொதுப் பக்கத்தில் காட்டாத வகையில் போடுவது வழக்கம். இருநூறு பேர் உள்ள சின்ன சர்வரின் பொதுப் பக்கத்தில் ஒருவரே பதினெட்டுப் பதிவை வரிசையாக இறக்கினால் மற்றவர் எழுதியது அடியில் போய்விடும். தானியங்கிக் கணக்கு நடத்துபவர்களுக்கும் இதேதான்: பாட் என்று அடையாளம் போட வேண்டும், பொதுப்பக்கத்தை நிரப்பக் கூடாது.

மூடி போட்ட பதிவு

புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் அதிகம் உரசல் வரும் இடம் ஒன்று உண்டு. பதிவின் மேல் ஒரு வரித் தலைப்பை மட்டும் காட்டி, உள்ளே இருப்பதை மூடிவைக்கும் வசதி. விருப்பமுள்ளவர் திறந்து படிக்கலாம். விபத்துப் படம், வன்முறைச் செய்தி, நேற்று வந்த படத்தின் முடிவு ஆகியவற்றுக்கு மூடி போடுவது எல்லோருக்கும் புரியும். சில சர்வர்களில் சாப்பாட்டுப் படத்துக்கும் மூடி கேட்பார்கள். பிரியாணி போட்டோவுக்கு எதற்கு எச்சரிக்கை என்று நமக்குத் தோன்றும். உணவுச் சீர்குலைவு நோயோடு போராடுகிறவர்கள் நிறைந்த சர்வரில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. கேமராவை நேராகப் பார்க்கும் முகப்படத்துக்கும் அப்படியே. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்தப் பார்வை தாங்காது. கடித உறையின் மேல் பொருள் எழுதுவது போல என்று எடுத்துக்கொண்டால் இதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் இந்த நல்ல வழக்கமே ஒரு பெரிய தவறுக்கும் வழிவிட்டது. 2022 இறுதியில் வந்த கறுப்பினத்தவர் பலர், தங்கள் மீதான இனவெறியைப் பற்றி எழுதியபோது, 'இதற்கு மூடி போடுங்கள், சங்கடமாக இருக்கிறது' என்று பழையவர்கள் வந்து சொன்னார்கள். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜோனத்தன் ஃப்ளவர்ஸ் இதை அப்போதே வெளிப்படையாகப் பேசினார். இனவெறியை அனுபவிக்கிறவருக்கு அது அன்றாட வாழ்க்கை. அதை மூடிவைக்கச் சொல்வது, அனுபவிக்காதவரின் நிம்மதிக்காக அவரை வாய்மூடச் சொல்வது என்பது அவர் வாதத்தின் சாரம். கறுப்பின நிர்வாகிகள் நடத்திய பிளேவிஷியஸ் என்ற சர்வர், தொடர்ந்த தொல்லைகளுக்குப் பிறகு அதற்கு இரண்டு வருடம் முன்பே மூடப்பட்டிருந்தது.

சாதி பற்றி எழுதும் எவருக்கும் இந்த வாதம் சட்டென்று புரியும். தெருவில் தனக்கு நடந்ததைச் சொல்கிறவரிடம், மற்றவர் மனம் நோகாதபடி மூடிச் சொல் என்று கேட்பது நாகரிகம் ஆகாது. கொடூரமான படத்துக்கு மூடி போடச் சொல்லலாம். வாழ்க்கைக்கு மூடி போடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வேண்டாதவர்களுக்கு வடிகட்டி வசதி இருக்கிறது. தன் திரையில் தானே ஒரு சொல்லைத் தடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் தவறு, தெருவுக்கே அடைப்பு

இங்கே தண்டனை இரண்டு அடுக்கு. உங்கள் சர்வரின் நிர்வாகி உங்களை நீக்கலாம். அதைவிடப் பெரியது, இன்னொரு சர்வர் உங்கள் சர்வரையே மொத்தமாகத் துண்டித்துவிடலாம். அப்படித் துண்டித்தால், எந்தத் தவறும் செய்யாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த சர்வரில் வைத்திருந்த நண்பர்களும் அறுந்துபோவார்கள். வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன கேப் என்ற தளம் 2019-ல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, பெரும்பாலான சர்வர்கள் வரிசையாக அதன் முகத்தில் கதவைச் சாத்தின. யாரும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு நிர்வாகியும் தானாக எடுத்த முடிவு.

நிறுவனங்களுக்கும் விலக்கில்லை. 2022 டிசம்பரில், சிறு கணினிகள் செய்யும் ராஸ்பெர்ரி பை, ரகசியக் கண்காணிப்புக் கருவிகள் உருவாக்கிய முன்னாள் போலீஸ் அதிகாரி ஒருவரை வேலைக்கு எடுத்திருப்பதைப் பெருமையாக அறிவித்தது. தனிமனித அந்தரங்கத்தை உயிராக மதிக்கும் கூட்டத்திடமிருந்து கேள்விகள் வந்தன. நிறுவனத்தின் கணக்கு பொறுமையாகப் பதில் சொல்லவில்லை, சிலரைத் தடுத்தும்விட்டது. சில நாட்களுக்குள் பல சர்வர்கள் அந்த நிறுவனம் நடத்திய சர்வரைத் துண்டித்தன. மற்ற இடங்களில் இப்படியொரு சலசலப்பு இரண்டு நாளில் அடங்கிவிடும். இங்கே மூடிய கதவு தானாகத் திறக்காது.

கேட்காமல் எடுப்பதை இந்த ஊர் பொறுப்பதில்லை. 2024 பிப்ரவரியில் ப்ளூஸ்கை என்ற வேறொரு சமூக வலைதளத்தையும் ஃபெடிவர்ஸையும் இணைக்க ஒரு பாலம் தயாரானது. வேண்டாம் என்று சொல்லாத எல்லோருடைய பதிவும் அக்கரைக்குப் போகும் என்பதுதான் திட்டம். எதிர்ப்புப் பெருகவே, சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும் என்று அதை உருவாக்கியவர் மாற்றிக்கொண்டார். மற்றவர் பதிவை மேற்கோளாக எடுத்துப்போட்டு மேலே கருத்து எழுதும் வசதியையும் ரோச்கோ பல வருடம் சேர்க்க மறுத்தார். எதிரில் இருப்பவரோடு பேசாமல், அவரைக் கூட்டத்துக்குக் காட்டிப் பேசத் தூண்டும் என்பது அவர் கருத்து. 2025-ல் அது வந்தபோதும், தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கும்படிதான் வந்தது.

அந்தரங்கம் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கையும் அவசியம். இங்கே தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டபோது, வேறொரு விசாரணைக்காக எடுத்துச்சென்ற சாதனங்களில் அந்த சர்வரின் தரவுத்தளப் பிரதியும் சிக்கிக்கொண்டது. ரகசியம் பேச சிக்னல் செயலி இருக்கிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு

விருந்தாளிக்கு மட்டும் நாகரிகம் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை. இணையச் சமூகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் எரின் கிசேன், 2023 கோடையில் ப்ளூஸ்கையில் ஒரு கேள்வி கேட்டார்: மாஸ்டடானுக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள் யார், ஏன் திரும்பினீர்கள்? நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. சர்வர் தேர்ந்தெடுப்பது குழப்பம், ஆட்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பவற்றோடு திரும்பத் திரும்ப வந்த பதில், வந்த வேகத்தில் திட்டு வாங்கினோம் என்பது. ஹேஷ்டேக் தப்பு, மூடி போடவில்லை, படத்துக்கு விளக்கம் இல்லை என்று முன்பின் தெரியாதவர்கள் முதல் பதிவுக்குக் கீழேயே வரிசைகட்டியிருக்கிறார்கள்.

இது சரியல்ல. புதிதாகக் குடிவந்தவர் வாசலில் குப்பையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றால், பக்கத்து வீட்டுக்காரர் இடத்தைக் காட்டுவார். பத்துப் பேர் பால்கனியில் நின்று கத்த மாட்டார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு எழுதுவது பழையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஒழுங்கு. படத்துக்கு விளக்கம் இல்லையா? கீழே நீங்களே ஒரு விளக்கத்தை எழுதிப்போடலாம். அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள். 1995-ன் அந்தக் குறிப்பேடே, அனுப்பும்போது கட்டுப்பாடும் பெறும்போது தாராளமும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பிந்தைய பாதிதான் மறந்துபோயிற்று.

புதியவர் தவறினால் என்ன செய்வது? பதிவைத் திருத்தலாம், அந்த வசதி இங்கே உண்டு. பிடிக்காத சர்வரை விட்டு வேறு சர்வருக்கு மாறலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள் மட்டும் அங்கேயே தங்கிவிடும். அழித்த பதிவு எல்லா இடத்திலும் அழியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அழிக்கச் சொல்லி மற்ற சர்வர்களுக்குக் கோரிக்கைதான் போகிறது.

சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் உங்கள் சர்வரின் 'பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நடத்துகிறவரின் பெயர் அங்கே இருக்கும். எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார், ஏன் என்ற பட்டியல் பல இடங்களில் இருக்கும். நன்கொடை இணைப்பும் அங்கேயோ நிர்வாகியின் சுயவிவரத்திலோ கிடைக்கும். மாதம் இரண்டு டீயின் விலை கொடுத்தாலும் அவருக்கு உதவிதான். கொடுக்க முடியாவிட்டால், ஒரு நன்றி எழுதி அனுப்புங்கள். அவருக்கு வரும் செய்திகளில் முக்கால்வாசி புகார்தான்.